இடுப்பு மூட்டை இரண்டாவது முறை மாற்றியவர்களுக்கு: மலையில் இருந்துகொண்டே அதைப் பல வருஷம் காப்பாற்றுவது எப்படி

இடுப்பு மூட்டு மாற்று அறுவை ஒரு தடவை செய்து, அது தளர்ந்தோ தேய்ந்தோ சீழ் பிடித்தோ போனதால் இரண்டாவது தடவை செய்துகொண்டவர்களுக்கும், செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். நான் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் படகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் எஸ்டேட் லைன்களுக்கும் போய்ப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வருஷக்கணக்கில் கூடவே இருந்து பார்க்கிற வேலை இது. அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மறு அறுவையில் இப்போது போடுகிற மாடுலர் ஸ்டெம்கள், அதாவது துண்டு துண்டாக வந்து உள்ளே பூட்டப்படுகிற உலோகத் தண்டுகள், நன்றாகவே நிற்கின்றன. ஆனால் உள்ளே என்ன போட்டிருக்கிறது என்கிற காகிதம் வீட்டில் இருக்காது, முதல் எக்ஸ்ரே இருக்காது, வலி இல்லை என்று ஆறேழு வருஷமாக யாரும் படமும் எடுத்திருக்க மாட்டார்கள். பிறகு ஒரு நாள் பிரச்சினை வந்தால், துண்டுகளாக இருப்பதால் கிடைக்க வேண்டிய லாபம் முழுக்கக் கைநழுவிப் போகிறது. அதனால் இதில் பாதிக்கு மேல் காகிதம், படம், அறிகுறி பற்றித்தான் இருக்கும்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் முறை போடும் ஸ்டெம் பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்பகுதியைப் பிடித்து நிற்கும். அது தளரும்போது சும்மா தளராது, அந்த மேல்பகுதி எலும்பையும் சேர்த்து அரித்துவிடும். ஆகவே இரண்டாவது முறை போடும்போது மருத்துவர் இன்னும் கீழே, நல்ல எலும்பு இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. எவ்வளவு எலும்பு மிச்சம் இருக்கிறது என்பதைப் பாப்ரோஸ்கி என்ற வகைப்பாட்டில் 1 முதல் 4 வரை சொல்வார்கள். 3ஏ என்றால் தொடை எலும்பின் நடுத்தண்டில் 4 சென்டிமீட்டராவது இறுக்கிப் பிடிக்க இடம் இருக்கிறது, 3பி என்றால் அதைவிடக் குறைவு, 4 என்றால் நடுத்தண்டிலும் பிடிமானம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் இது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாடுலர் ஸ்டெம்மின் கீழ்த்துண்டு டைட்டானியக் கலவை. நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும், நீளவாக்கில் வரி வரியாகப் பற்கள் இருக்கும். எலும்புக்குள் அடித்து இறக்கும்போது அந்தப் பற்கள் எலும்பை லேசாக வெட்டி உட்கார்ந்து, ஸ்டெம் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். கீழ்த்துண்டு இறுகிய பிறகு, பல உயரத்திலும் பல அகலத்திலும் கிடைக்கிற மேல்துண்டுகளில் உங்களுக்குப் பொருந்துவதை எடுத்து, கால் நீளம் பார்த்து, எந்தக் கோணத்தில் திரும்பி நின்றால் பந்து நழுவாதோ அந்தக் கோணத்தில் திருப்பி, போல்ட் போட்டு இறுக்குவார்கள். அதன் கழுத்தில், தொடை எலும்பின் தலைக்குப் பதிலாக, ஒரு பந்து. பந்து உட்காரும் கிண்ணத்துக்குள் பாலிஎத்திலீன் லைனர், மருத்துவமனையில் எல்லோரும் பாலி என்பார்கள். 1987இல் வந்த வாக்னர் ஸ்டெம் இதேபோல் பல் வைத்து நுனி சிறுத்ததுதான், ஆனால் ஒரே துண்டு. ஒரே துண்டில் இறுக்கமும் கால் நீளமும் ஒன்றாகச் சரியாக அமைவது சிரமம். அந்தச் சிரமத்தைப் பிரித்து எளிதாக்குவதற்குத்தான் துண்டாக்கினார்கள்.

துண்டாக்கியதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு உலோகம் சேரும் இடம் ஒவ்வொன்றும் கூம்புப் பொருத்து, மம்பட்டிக் காம்பு கண்ணுக்குள் இறுகுவது மாதிரி, பாரம் விழ விழ இன்னும் இறுகும். ஆனால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் அங்கே கண்ணுக்குத் தெரியாத அளவு அசைவு இருக்கிறது, உடம்பின் உப்பு நீரும் அந்த இடுக்கில் போகிறது. அதனால் மெல்ல அரிப்பு வரலாம். மேல்பகுதி எலும்பு முழுக்கப் போய், மேல்துண்டும் கீழ்த்துண்டும் சேருகிற பூட்டுக்கு மேலே தாங்க ஒன்றும் இல்லாத நிலையில், எடை அதிகமாக இருந்து, ஸ்டெம்மின் விட்டமும் சிறியதாக இருந்தால், அந்தப் பூட்டு இடத்தில் உலோகம் களைத்து உடைவதும் உண்டு. முன்பு வந்த மாதிரிகளில் இதைப் பார்த்துவிட்டுப் பிறகு வந்தவற்றில் பூட்டைத் தடிமனாக்கி, மேற்பரப்பையும் உறுதிப்படுத்தினார்கள். இப்போது இது அபூர்வம். அபூர்வம் என்றாலும் யாருக்கு வரும் என்பதற்குக் காரணம் தெரிந்திருப்பதால் நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்டிக்கர்

ஒவ்வொரு துண்டும் தனி டப்பாவில் வரும். ஒவ்வொரு டப்பாவிலும் உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர்கள் சில இருக்கும், அதில் ஒன்றைத் தியேட்டரிலேயே கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடுவார்கள். மீதி ஒரு செட்டை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி அறுவைக்கு முன்பே கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும். ஸ்டிக்கரில் பார்க்க வேண்டியது: கம்பெனி பெயர், ஸ்டெம்மின் பெயர், அளவு, ரெஃப் என்று போட்டிருக்கும் எண், லாட் எண். மாடுலர் போட்டிருந்தால் ஒரு ஸ்டிக்கர் போதாது. கீழ்த்துண்டு, மேல்துண்டு, பந்து, லைனர், கிண்ணம், கிண்ணத்தைப் பிடித்த ஸ்க்ரூ, எலும்பைச் சுற்றிக் கேபிள் கட்டியிருந்தால் அது, எல்லாவற்றுக்கும் இருக்க வேண்டும். பந்தின் ஸ்டிக்கரில் 12/14 என்று இருந்தால் அது கூம்பின் அளவு. ஒன்று கவனியுங்கள், இரண்டு கம்பெனியும் 12/14 என்றே போட்டிருந்தாலும் கோணமும் நீளமும் நுணுக்கமாக மாறும், ஒன்றின் பந்தை மற்றதன் கழுத்தில் மாட்டக் கூடாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பத்து வருஷம் கழித்துப் பாலி தேய்ந்திருக்கிறது, ஸ்டெம் எலும்போடு நன்றாக ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். என்ன கம்பெனி, என்ன அளவு என்று தெரிந்தால் லைனரையும் பந்தையும் மட்டும் மாற்றி முடித்துவிடலாம். கிண்ணம் சரியாக இருந்து மேல்துண்டின் கோணம்தான் பிரச்சினை என்றால், சில ஸ்டெம்களில் போல்ட்டைக் கழற்றி மேல்துண்டை மட்டும் மாற்றவும் வழி இருக்கிறது, ஆனால் அதற்கு அந்தக் கம்பெனியின் கழற்றும் கருவியே வர வேண்டும். எதுவும் தெரியவில்லை என்றால் எக்ஸ்ரேயைப் பார்த்து அடையாளம் காண முயல்வார்கள், சில நேரம் முடியும். முடியாதபோது நன்றாக ஒட்டியிருக்கும் ஸ்டெம்மையே எடுக்க வேண்டி வரலாம், அதற்குத் தொடை எலும்பின் ஒரு பக்கத்தை நீளமாகக் கதவு மாதிரி திறந்து மூட வேண்டும். ஒரு ஸ்டிக்கருக்கும் அந்த அறுவைக்கும் இடையில் இருக்கிற தூரம் அவ்வளவுதான்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் இதில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முதல் அறுவை கோழிக்கோட்டிலோ சுல்தான் பத்தேரியிலோ, இரண்டாவது கோயமுத்தூரில் என்று இரண்டு மாநிலத்தில் காகிதம் சிதறிக் கிடக்கும். பழைய மருத்துவமனையில் ஆபரேஷன் நோட்ஸ் நகல் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. எழுத்தில் கேளுங்கள், ஆஸ்பத்திரி நம்பரும் அட்மிட் ஆன தேதியும் போட்டுக் கேளுங்கள், கிடைக்கும்.

அப்புறம் நம் ஊர் ஈரம். ஜூன் ஜூலையில் பீரோவுக்குள் வைத்த எக்ஸ்ரே பிலிம் இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படத்தின் மேல்தோல் உரிந்து வரும், அல்லது வெள்ளையாகப் பூஞ்சணம் வட்டம் வட்டமாகப் படர்ந்து, ஸ்டெம்மைச் சுற்றி, அது தளர்ந்ததைக் காட்டும் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா இல்லையா என்று எந்த இடத்தில் பார்க்க வேண்டுமோ அந்த இடத்திலேயே மறைத்துவிடும். ஆகவே பிலிமை நம்பாதீர்கள். சிடியாகவோ பென் டிரைவிலோ கேளுங்கள். அதோடு பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் பிலிமை வைத்து நேராகப் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனிலும் மெயிலிலும் வைத்துவிடுங்கள். ஸ்டிக்கர்களையும் அப்படியே.

அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, பழையது ஏன் கெட்டுப்போனது. இதற்குத் தெளிவான பதில் கிடைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சும்மா தளர்ந்தது என்று நினைத்துப் பல இடங்களில் உள்ளே மெல்லிய கிருமித் தொற்று ஒளிந்திருக்கும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும், அதில் சந்தேகம் வந்தால் மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துக் கல்ச்சர், அதாவது அதில் கிருமி வளர்கிறதா என்று, பார்ப்பதும் முறை. தொற்று இருந்தால் பழையதை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த தற்காலிகத் துண்டு வைத்து, சில வாரமோ சில மாதமோ கழித்து இரண்டாவது கட்டமாகப் புதியதைப் போடுவார்கள். அந்த இடைக்காலத்தில் நோயாளி எங்கே இருப்பது என்று முன்பே யோசித்து வையுங்கள். தற்காலிகத் துண்டோடு ஒரு கால் தாங்காத நிலையில் எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பது ரொம்பக் கஷ்டம். மேட்டுப்பாளையத்திலோ கோயமுத்தூரிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே இருப்பது நல்லது.

அடுத்தது, எனக்கு மாடுலர் ஸ்டெம்மா, ஒரே துண்டா, ஏன். இரண்டும் நல்ல பலன்தான் தருகின்றன, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் மருத்துவர் ஒரே துண்டைத் தேர்ந்தெடுத்தால் மட்டமானதைப் போடுகிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் கை எதில் பழகியிருக்கிறது என்பது பெட்டியின் மேல் எழுதியிருப்பதைவிடப் பெரிய விஷயம். மறு அறுவை அடிக்கடி செய்கிறவரா என்று கேட்பதில் தப்பே இல்லை. பந்து பீங்கானா உலோகமா என்றும் கேளுங்கள். பீங்கான் பந்தில் கூம்பு இடத்து அரிப்பு குறைவு. பந்து நழுவும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு, பெரிய பாலிக்குள் சின்னப் பந்து என்று இரண்டு இடத்தில் அசைகிற டூயல் மொபிலிட்டி கிண்ணம் போடுவார்கள், 1970களில் பிரான்சில் வந்தது, அது உங்களுக்குத் தேவையா என்று கேட்டு வையுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், மறு அறுவை எந்தப் பேக்கேஜில் வருகிறது, மாடுலர் துண்டுகளுக்கு அந்தத் தொகை போதுமா, மீதி எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அட்மிட் ஆவதற்கு முன் காப்பீட்டுப் பிரிவில் எழுதி வாங்குங்கள்.

எவ்வளவு வருஷம் வரும்

எல்லோரும் கேட்கிற கேள்வி. முதல் முறை போட்ட இடுப்பு மூட்டைப் பற்றி 2019இல் லான்செட் இதழில் வந்த கணக்கு 25 வருஷத்தில் நூற்றுக்கு 58 இன்னும் நிற்கிறது என்றது. மறு அறுவை அந்த அளவுக்கு வராது, ஒவ்வொரு முறையும் ஆயுள் குறைகிறது என்பதை நேராகவே சொல்லிவிடலாம். ஆனால் ஸ்டெம்மை மட்டும் எடுத்துப் பார்த்தால், பற்கள் வைத்த இந்த டைட்டானிய மாடுலர் ஸ்டெம்கள் பத்து வருஷத்தில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தளராமல் இருப்பதாகப் பெரிய மருத்துவமனைகளின் தொடர் கணக்குகள் காட்டுகின்றன. எலும்பு மோசமாகப் போனவர்களிடமும் மேல்பகுதி எலும்பு வருஷம் போகப் போக மெல்ல நிரம்பி வருவதைப் படத்தில் பார்க்கலாம்.

அப்படியானால் திரும்பவும் ஏன் தியேட்டருக்குப் போகிறார்கள்? பெரும்பாலும் ஸ்டெம் தளர்ந்து அல்ல. பந்து நழுவியது, கிருமி பிடித்தது, விழுந்து எலும்பு முறிந்தது. இந்த மூன்றும்தான். பந்து நழுவுவது முதல் அறுவையைவிட மறு அறுவையில் பல மடங்கு அதிகம், ஏனென்றால் சதையை இரண்டாவது முறையாக வெட்டித் தைத்திருக்கிறார்கள். அதாவது, நீண்ட காலப் பலன் என்று நாம் கேட்பதில் பெரும்பங்கு முதல் வருஷத்திலேயே தீர்மானமாகிறது, அந்த முதல் வருஷம் நம் வீட்டில், நம் படிக்கட்டில் நடக்கிறது.

மலைக்கு ஏறி வருவதும் முதல் வருஷமும்

டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது பஸ் வேண்டாம். காரில் முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்த்து, உட்காரும் இடத்தில் கெட்டியான குஷன் போட்டு, இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்கும்படி உட்கார வையுங்கள். இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை. குன்னூர் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாயும்போது கால் உள்பக்கம் திரும்பிவிடாமல் அதுதான் காக்கும். கோத்தகிரி வழி கொஞ்சம் இதமாக இருக்கும், உங்கள் ஊருக்கு அது சுற்று இல்லையென்றால் அதில் வாருங்கள். வழியில் இறங்கி நின்று கணுக்காலை ஆட்டிக்கொள்ளுங்கள், காலில் ரத்தம் கட்டுவதைத் தடுக்கக் கொடுத்த மருந்தை ஒரு வேளையும் விடாதீர்கள்.

எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும். எலும்பைத் திறந்து மூடியிருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பாதி எடை என்று சொல்வார்கள். பாதி எடை என்றால் என்ன என்று யாருக்கும் புரியாது, ஆகவே நான் வீட்டில் எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, வாக்கரைப் பிடித்தபடி அறுவை செய்த காலை அதன்மேல் மெல்ல அழுத்தச் சொல்வேன், முள் மருத்துவர் சொன்ன அளவைத் தொடும்போது காலில் என்ன உணர்வு என்று மனதில் பதிய வைத்துக்கொள்ளச் சொல்வேன். காலையும் மாலையும் கொஞ்ச நாள் செய்தால் கால் தானாகவே கற்றுக்கொள்ளும். முதல் மூன்று மாதத்தில் ஸ்டெம் சில மில்லிமீட்டர் இறங்கி உட்காருவது சாதாரணம், பிறகு நின்றுவிடும். 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் கவனம் வேண்டும், ஒரு சென்டிமீட்டர் போனால் கால் குட்டையாகி, சதை தொளதொளத்து, பந்து நழுவ வழி ஆகிறது. அவசரப்பட்டு எடை ஊன்றுவதில் இருக்கிற ஆபத்து இதுதான்.

பந்து பின்பக்கமாக நழுவுகிற நிலை எப்படி வரும் என்றால், இடுப்பு அதிகமாக மடங்கி, முட்டி உள்பக்கம் வந்து, பாதம் வெளியே திரும்பும்போது. நம் ஊரில் இது நடக்கிற இடங்கள் எனக்குத் தெரியும். இந்தியன் டாய்லெட் ஒன்று, அதற்குக் கமோடு போட முடியாதவர்கள் மேலே வைக்கிற ஸ்டீல் நாற்காலி வாங்கிவிடுங்கள், அது நாலு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று சாயங்காலம் கணப்பைச் சுற்றி முக்காலியில் உட்காருவது. குளிருக்குக் குனிந்து கையை நீட்டும்போது இடுப்பு முழுக்க மடங்கிவிடும். உயரமான நாற்காலியில், கம்பளி போர்த்திக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். மூன்றாவது யாரும் நினைக்காதது, சாக்ஸ். விடிகாலைக் குளிரில் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி மடித்துச் சாக்ஸ் மாட்டுவதுதான் நழுவுவதற்கு மிகச் சரியான கோணம். முதல் மூன்று மாதம் வீட்டில் வேறொருவர் மாட்டிவிடட்டும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில், கைத்தடி எப்போதும் எதிர்க்கையில். சரிவில் நேராக இறங்காமல் குறுக்காக இறங்குங்கள். பாசி பிடித்த கல்படிக்கு ஒரு ஜி.ஐ. பைப்பைக் கைப்பிடியாக நட்டுவிடுங்கள், டிசம்பர் ஜனவரியில் உறைபனி இருக்கிற காலை வேளையில் வெயில் ஏறும் வரை வெளியே போகாதீர்கள், தடியின் ரப்பர் தேய்ந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பெர்லினில் மூட்டுக்குள்ளேயே அளவுகருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள், நடக்கும்போது உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் இடுப்பில் விழுகிறது, கால் இடறித் தடுமாறினால் எட்டு மடங்குக்கு மேல்கூடப் போகிறது. அந்தப் பாரம் முழுக்க முதலில் சொன்ன பூட்டு வழியாகத்தான் கீழே இறங்கும்.

அதனால்தான் தோட்ட வேலைக்காரர்களிடம் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கப் போகலாமா என்று கேட்டால், சமமான இடத்தில், நின்றுகொண்டு, கொஞ்ச நேரம் என்றால் மருத்துவர் சம்மதிக்கலாம். ஆனால் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்குவது இனி கூடாது. விறகுக்கட்டும் கூடாது. கேரட் மூட்டையும் கூடாது. எடை கூடினாலும் அதே பாரம்தான், ஆகவே உடம்பு எடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்டேட் நிர்வாகத்திடம் இலகுவான வேலைக்கு மாற்றித் தரக் கேட்க மருத்துவரிடம் எழுத்துச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வருஷாவருஷம் பார்க்க வேண்டியது

"வலியே இல்லையே சார், எதுக்குக் கோயமுத்தூர் வரைக்கும் போகணும்?" ஒவ்வொரு வீட்டிலும் இதைக் கேட்கிறார்கள். பாலி தேய்ந்து விழும் துகளால் கிண்ணத்தைச் சுற்றி எலும்பு கரைவது வருஷக்கணக்கில் வலியே இல்லாமல் நடக்கும். வலி வரும்போது பிடிக்க எலும்பு இருக்காது. ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஒரு வருஷம், அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டு வருஷத்துக்கு ஒன்றோ எக்ஸ்ரே என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் இங்கேயே எடுக்கலாம், ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்து எக்ஸ்ரே நிலையத்திலோ எடுத்து, பார்ப்பதற்கு மட்டும் அனுப்பிக் கேட்கலாம். எடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள்: ஸ்டெம்மின் நுனி முழுக்கத் தெரிய வேண்டும், நேர்ப்படம் மட்டும் போதாது பக்கவாட்டுப் படமும் வேண்டும். மாடுலர் ஸ்டெம் நீளமானது, சாதாரண இடுப்புப் படத்தில் பாதியிலேயே வெட்டிவிடுவார்கள்.

பிறகு புதிய படத்தை முதல் படத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போன வருஷப் படத்தோடு மட்டும் பார்த்தால் மெல்ல இறங்கியது தெரியாது. தொடை எலும்பின் மேல்மேட்டு நுனிக்கும் ஸ்டெம்மின் தோளுக்கும் இடையிலான தூரம், பூட்டைச் சுற்றி எலும்பு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, பந்து கிண்ணத்தின் நடுவில் இருக்கிறதா மேலே ஒதுங்கியிருக்கிறதா, திறந்து மூடிய எலும்பு கூடிவிட்டதா. இவ்வளவுதான் பார்ப்பது, இரண்டு படம் பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

வலி வந்தால் எங்கே என்று கவனியுங்கள். கவட்டையில் என்றால் கிண்ணம் பக்கம் சந்தேகம். தொடை நடுவில், அதுவும் உட்கார்ந்து எழுந்ததும் முதல் நாலைந்து அடிக்கு மட்டும் வலித்து அப்புறம் போய்விடுகிறது என்றால் ஸ்டெம் தளர்ந்திருக்கலாம். ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால் கிருமியை நினைக்க வேண்டும். இங்கே எல்லா வலியையும் குளிர்மேல் போட்டுவிடுகிறார்கள், உள்ளே இருக்கும் கம்பி குளிருக்கு விறைக்கிறது என்று. உள்ளே இருக்கும் உலோகம் உடம்பின் சூட்டில்தான் இருக்கிறது, ஊட்டிக் குளிர் அதைத் தொடாது. குளிரில் இறுகுவது சதை. ஆகவே புதிதாக ஆரம்பித்த தொடை வலி மார்ச் மாதம் வரை பொறுத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை.

திரும்பப் பெற்ற இம்ப்ளாண்ட் செய்தியைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010இல் திரும்பப் பெற்ற ஏ.எஸ்.ஆர். உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் உரசுகிற வகை, நம் நாட்டிலும் பலருக்குப் போட்டிருந்தார்கள். 2012இல் ஸ்ட்ரைக்கர் கம்பெனி திரும்பப் பெற்ற ரெஜுவனேட், ஏ.பி.ஜி. 2 இரண்டும் கழுத்துத் துண்டு தனியாக வரும் வகை, அதில் கோபால்ட் குரோமியக் கழுத்து டைட்டானிய ஸ்டெம்மோடு சேரும் இடத்தில் அரிப்பு வந்தது. மறு அறுவையில் போடுகிற நீள ஸ்டெம்மின் நடுப்பூட்டு பெரும்பாலும் டைட்டானியத்தோடு டைட்டானியம், வேறு விஷயம். ஆனால் பந்து உலோகமாக இருந்தால் பந்தும் கழுத்தும் சேரும் இடத்தில் அரிப்பு வரலாம். காரணம் தெரியாத வலி, கவட்டையில் வீக்கம், கூடவே காது மந்தம், பார்வை மங்கல், மூச்சு வாங்குதல் என்று இருந்தால் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் பார்க்கச் சொல்லுங்கள். பந்து பாலியில் ஓடுகிறவர்களுக்குக் கோபால்ட் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டி, குரோமியத்தைவிடவும் அதிகமாக இருந்தால் கூம்பைச் சந்தேகிப்பார்கள். இதற்கு ரத்தம் எடுக்கத் தனிக் குழாய் வேண்டும், சாதாரண லேப்பில் எடுத்தால் கணக்கு தப்பும்.

மாத்திரையை நீங்களே போடாதீர்கள்

இடுப்பில் வலியும் காய்ச்சலும் என்றதும் மெடிக்கலில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நிறைய. அதன்பிறகு மூட்டு நீரில் கல்ச்சர் வைத்தால் கிருமி வளராது, என்ன கிருமி என்று தெரியாமல் எந்த மருந்து கொடுப்பது? நீர் எடுப்பதற்கு முன் இரண்டு வாரமாவது ஆன்டிபயாடிக் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான வழக்கம். ரொம்ப முடியவில்லை என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், அவர்கள் நீர் எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குவார்கள். வருஷங்கள் கழித்தும் கிருமி ரத்தம் வழியாக வந்து மூட்டில் உட்காரும், ஆகவே சுகர் இருப்பவர்கள் காலில் ஒரு சின்னப் புண், சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல் எதையும் நாளைக்கு என்று தள்ளக் கூடாது. தேயிலைக்குள் போகிறவர்களுக்கு அட்டை கடித்துச் சொறிந்த புண்ணும் இதில் சேரும்.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிவாள் செல் சோகை இந்தியாவில் முதன்முதலாக 1952இல் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்த நோயில் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகும், இருபது முப்பது வயதிலேயே மூட்டு மாற்ற வேண்டி வரும். அந்த வயதில் மாற்றினால் வாழ்நாளில் மறு அறுவை ஒன்றாவது வரும் என்றே கணக்கு வைக்க வேண்டும், ஆகவே அவர்களுக்கு ஸ்டிக்கர் காகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு முக்கியம். குளிரும் தண்ணீர் குறைவதும் அவர்களுக்கு வலி நெருக்கடியைக் கொண்டுவரும், கிருமியும் எளிதில் பிடிக்கும், மயக்க மருத்துவரிடம் இந்த நோய் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, விழுந்தால். விழுந்ததும் கால் ஊன்ற முடியவில்லை, கால் குட்டையாகத் தெரிகிறது அல்லது ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் எழுப்பி நிற்க வைக்காதீர்கள், இழுத்து நேராக்காதீர்கள், எண்ணெய் போட்டு நீவுகிறவரைக் கூப்பிடாதீர்கள். கால் கிடக்கிற நிலையிலேயே இரண்டு பக்கமும் தலையணையோ சுருட்டிய கம்பளியோ வைத்து, 108ஐக் கூப்பிட்டு, உள்ளே ஸ்டெம் இருக்கிறது என்று சொல்லுங்கள். சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். பக்கத்து மருத்துவமனையில் படம் எடுத்து ரத்த ஓட்டம் பார்த்து வலிக்கு ஊசி போட்ட பிறகு, மறு அறுவை செய்யும் வசதி உள்ள இடத்துக்கே நேராக அனுப்பக் கேளுங்கள், நடுவில் இரண்டு மூன்று மருத்துவமனை ஏறி இறங்குவதில் நாள்தான் போகும். மழைக்காலத்தில் மண் சரிந்து ஒரு பாதை அடைபடுவது நமக்குப் புதிதில்லை. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே குன்னூர் வழி, கோத்தகிரி வழி இரண்டுக்கும் வண்டிக்காரர் எண்ணையும், அறுவை செய்த மருத்துவமனையின் அவசர எண்ணையும் எழுதி, ஸ்டிக்கர் நகலோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வையுங்கள், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அது எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.